வளர்ச்சியின் சாவி: ஒரு சுண்டெலியும் நம் தாய்மாமன் கல்யாணங்களும்

முதலிலேயே ஒரு டிஸ்கி. நான் டாக்டர் இல்லை. பி.காம். படித்துவிட்டு வங்கியில் டெபிட், கிரெடிட் பார்த்துக்கொண்டிருப்பவன். பத்தாம் வகுப்போடு உயிரியலுக்குக் கும்பிடு போட்டவன். இந்தப் பதிவுக்காகக் கொஞ்ச நாள் உட்கார்ந்து படித்தேன். எங்கேயாவது தவறு இருந்தால் விவரம் தெரிந்தவர்கள் சுட்டிக்காட்டுங்கள், திருத்திக்கொள்கிறேன்.

கும்பகோணத்தை விட்டு இந்தத் திருவனந்தபுரத்துக்கு வந்து வருஷம் பல ஆகிவிட்டது. சாலை பஜார், கரமனைப் பக்கம் நம் ஆட்கள் நிறைய. அதனால் கிளையில் தமிழ் பேசுகிறவர்கள் யார் வந்தாலும் என் மேஜைக்கு அனுப்பிவிடுவார்கள். அப்படித்தான் ஒரு நாள் ஒரு பையன் வந்தான். நாலடி உயரம் இருந்தால் அதிகம். குழந்தை முகம், மீசை அரும்பவில்லை. கணக்கு தொடங்க வேண்டும் என்றான்.

"மைனர் அக்கவுண்டுக்கு கார்டியன் கையெழுத்து வேணும் தம்பி. அப்பாவைக் கூட்டிட்டு வா" என்றேன்.

ஒன்றும் பேசாமல் ஆதார் அட்டையை எடுத்து மேஜையில் வைத்தார். வயது முப்பத்தொன்று.

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்ல சார், பழகிப்போச்சு" என்றார். ஃபாரம் நிரப்பும்போதுதான் பேச்சு வளர்ந்தது. (ஆள் அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். அப்பாவும் அம்மாவும் அத்தை மகன், மாமன் மகள். "நான் குட்டையா பொறக்கல சார். பொறந்தப்ப எல்லாப் பிள்ளை மாதிரிதான். அப்புறம் வளரல, அவ்வளவுதான்" என்றார். கிரகண நேரத்தில் அம்மா வெளியே போனதுதான் காரணம் என்று பாட்டி சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாராம். வேண்டாத கோயில் இல்லை. இருபத்தைந்து வயதுக்கு மேல்தான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். பிட்யூட்டரி சுரப்பி சிறியதாக இருக்கிறது, அதிலிருந்து வர வேண்டிய பல ஹார்மோன்கள் வரவில்லை, பரம்பரைக் காரணமாக இருக்கலாம், மரபணுப் பரிசோதனை செய்து பார்ப்பது நல்லது என்று சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பரிசோதனை இன்னும் நடக்கவில்லை.

போகும்போது ஒன்று சொன்னார். அதுதான் இந்தப் பதிவுக்குக் காரணம். "தங்கச்சியை எங்க தாய்மாமாவுக்கே குடுக்கணும்னு வீட்ல பேசுறாங்க சார். நான் ஒருத்தன்தான் வேண்டாங்கிறேன். என் பேச்சு எடுபடல. நீங்க ஆபீசரு, அப்பா உங்ககிட்ட மரியாதையா இருப்பாரு. ஒரு வார்த்தை சொல்லுங்களேன்."

என்ன சொல்வது? எனக்கே ஒன்றும் தெரியாதே. அதனால் படிக்க ஆரம்பித்தேன்.

பிட்யூட்டரி என்பது மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் தொங்கும் ஒரு சுரப்பி. எடை சுமார் அரை கிராம். அதன் முன்பகுதி மட்டும் ஆறு முக்கியமான ஹார்மோன்களைத் தயாரிக்கிறது. உயரம் வளர ஒன்று, தைராய்டைத் தட்டி எழுப்ப ஒன்று, பால் சுரக்க ஒன்று, பருவம் எய்தவும் பிள்ளை பெறவும் இரண்டு, அட்ரீனல் சுரப்பியை வேலை வாங்க ஒன்று. வங்கி பாஷையில் சொன்னால் ஹைபோதலாமஸ் தலைமை அலுவலகம், பிட்யூட்டரி வட்டார அலுவலகம், மற்ற சுரப்பிகள் கிளைகள். வட்டார அலுவலகம் படுத்தால் கிளைகள் என்னவாகும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை :-)

1886-இல் பிரான்சில் பியர் மாரி என்ற மருத்துவர், கை கால் முகமெல்லாம் பெருத்துப்போகும் ஒரு நோய்க்கு அக்ரோமெகலி என்று பெயர் வைத்தார். அதற்கும் பிட்யூட்டரிக்கும் உள்ள தொடர்பு பின்னால் மெதுவாகத் தெளிவானது. 1921-இல் அமெரிக்காவில் இவான்ஸும் லாங்கும் மாட்டுப் பிட்யூட்டரிச் சாற்றை எலிகளுக்கு ஊசியாகப் போட, எலிகள் ராட்சத அளவுக்கு வளர்ந்தன. ஆக, வளர்ச்சிக்கான சரக்கு அந்தச் சுரப்பியில்தான் இருக்கிறது.

நம் கதையின் நாயகன் வருவது 1929-இல். ஜார்ஜ் ஸ்னெல் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் வளர்த்த சுண்டெலிகளில் சில வளரவே இல்லை. பிறக்கும்போது வித்தியாசம் தெரியாது. இரண்டு வாரம் போனால் கூடப்பிறந்தவை வளர்ந்துகொண்டே போகும், இவை மட்டும் அப்படியே நின்றுவிடும். அப்பா எலியும் அம்மா எலியும் சரியான அளவுதான். ஆனாலும் பிறக்கும் குட்டிகளில் ஏறத்தாழ நாலில் ஒன்று குள்ளம். மெண்டல் பட்டாணிச் செடியில் பார்த்த அதே கணக்கு. அடுத்த வருஷமே, 1930-இல், ஸ்மித், மெக்டவல் என்ற இருவர் அந்த எலிகளின் பிட்யூட்டரியில்தான் கோளாறு என்று காட்டினார்கள். நல்ல பிட்யூட்டரித் திசுவை உள்ளே வைத்தால் குள்ள எலி வளர்ந்தது. (இதே ஸ்னெல் வேறொரு ஆராய்ச்சிக்காக 1980-இல் நோபல் பரிசு வாங்கினார்.)

"நான் குட்டையா பொறக்கல, வளரல" என்று அவர் சொன்னது நினைவுக்கு வருகிறதா? எனக்கு இதைப் படித்தபோது உடம்பு சிலிர்த்துவிட்டது.

எலிக்குச் சரி, மனிதனுக்கு? மாட்டின் வளர்ச்சி ஹார்மோன் மனிதனிடம் வேலை செய்யாது. மனித ஹார்மோன்தான் வேண்டும். அது எங்கே கிடைக்கும்? இறந்தவர்களின் பிட்யூட்டரியிலிருந்து! 1958-இல் மாரிஸ் ரேபன் என்ற அமெரிக்க மருத்துவர் அப்படி எடுத்த ஹார்மோனை ஒரு 17 வயதுப் பையனுக்குக் கொடுத்து அவன் வளர்ந்ததை வெளியிட்டார். அதன்பிறகு பல நாடுகளில் பிணவறைகளிலிருந்து சுரப்பிகளைச் சேகரித்தார்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு வருஷம் கொடுக்கவே டஜன் கணக்கில் சுரப்பிகள் தேவை. கிடைத்தவர்கள் பாக்கியசாலிகள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

1985-இல் இடி விழுந்தது. சின்ன வயதில் அந்த ஊசி போட்டுக்கொண்ட சிலர் குரூட்ஸ்ஃபெல்ட் யாகோப் என்ற மூளை அழுகும் நோயில் இறந்துபோனார்கள். சுரப்பியோடு நோயும் சேர்ந்து வந்திருக்கிறது. பிரான்சில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்டோர் பிற்பாடு இறந்திருக்கிறார்கள். பிள்ளை இரண்டு அங்குலம் வளர வேண்டும் என்று ஆசைப்பட்ட பெற்றோரை நினைத்துப் பாருங்கள். நல்ல வேளையாக, ஜெனன்டெக் நிறுவனம் பாக்டீரியாவை வைத்துத் தயாரித்த மனித வளர்ச்சி ஹார்மோனுக்கு அதே 1985-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இன்றைக்குப் போடும் ஊசிகள் இந்த வகைதான், பிணச் சுரப்பியிலிருந்து வருவதில்லை. "அந்த ஊசி ஆபத்து" என்று பழைய கதையைக் கேட்டுப் பயப்படுகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

சரி, ஸ்னெல்லின் எலிக்கு என்னதான் கோளாறு? அதற்கு விடை கிடைக்க 60 வருஷம் ஆனது.

நம் உடம்பில் தோல், ஈரல், பிட்யூட்டரி என்று எந்தச் செல்லை எடுத்தாலும் கிட்டத்தட்ட எல்லாவற்றுக்குள்ளும் ஒரே மரபணுத் தொகுப்புதான். வளர்ச்சி ஹார்மோனுக்கான மரபணு என் கட்டைவிரல் செல்லிலும் இருக்கிறது. ஆனால் அது பிட்யூட்டரியில் மட்டும்தான் முழுவீச்சில் திறக்கிறது. ஏன்?

வங்கி ஸ்ட்ராங் ரூமை நினைத்துக்கொள்ளுங்கள். பணம் உள்ளே இருக்கிறது. ஆனால் சாவி வைத்திருக்கும் அதிகாரிகள் சேர்ந்து வந்தால்தான் கதவு திறக்கும். ஒருவர் தனியாக வந்து பிரயோஜனமில்லை. மரபணுவுக்கும் அப்படிச் சாவிக்காரர்கள் உண்டு. டிரான்ஸ்கிரிப்ஷன் ஃபாக்டர் என்று பெயர், தமிழில் படியெடுப்புக் காரணி. அவையும் புரதங்கள்தான். மரபணுவின் முன்வாசலில் குறிப்பிட்ட எழுத்து வரிசையைத் தேடி ஒட்டிக்கொள்ளும். அப்போதுதான் அந்த மரபணு நகலெடுக்கப்பட்டு ஹார்மோன் தயாராகும்.

1988-இல் சான் டியேகோவில் ரோசன்ஃபெல்ட் குழுவும் கரின் குழுவும் தனித்தனியாக வளர்ச்சி ஹார்மோன் மரபணுவின் சாவிக்காரனைப் பிடித்தார்கள். அதன் பெயர் பிட்-1. வளர்ச்சி ஹார்மோன், பால் சுரக்கும் புரோலாக்டின், தைராய்டைத் தூண்டும் ஹார்மோன் என்று மூன்று பெட்டிகளுக்கு இந்த ஒரே ஆள் வேண்டும். கூடவே வேறு காரணிகளும் கைகொடுக்க வேண்டும். அதோடு, அந்த மூன்று ஹார்மோன்களைத் தயாரிக்கும் செல்கள் உருவாகவே பிட்-1 தேவை. சாவியும் அவரிடம், ஊழியர் நியமனமும் அவரிடம்!

1990-இல் ஸ்னெல்லின் எலியை எடுத்துப் பார்த்தார்கள். பிட்-1 மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது. அதனால் புரதத்தில் ஓர் அமினோ அமிலம் மாறி, சாவி பூட்டில் பொருந்தாமல் போய்விட்டது. அவ்வளவுதான் விஷயம். 1992-இல் மனிதர்களிடமும் இதே மரபணுவில் மாற்றங்கள் கண்டுபிடிக்கப்பட்டன. இரண்டு நகலும் கெட்டால்தான் நோய் என்பது ஒரு வகை. ஒரு நகல் கெட்டாலே போதும் என்பது இன்னொரு வகை. அந்த இரண்டாவதில் கெட்ட சாவி துளைக்குள் நுழைந்துவிடும், திரும்பாது. நல்ல சாவியையும் வேலை செய்ய விடாது. ஒரே மரபணுவில் எந்த எழுத்து மாறியது என்பதைப் பொறுத்துக் கதையே மாறுகிறது.

பிட்-1-க்கு மேலேயும் ஓர் அதிகாரி உண்டு. 1996-இல் ஏம்ஸ் என்ற வேறொரு குள்ள எலியை வைத்துக் கண்டுபிடித்தார்கள். பெயர் ப்ராப்-1. பிட்-1 வருவதற்கு முன்னால் வரும் தீர்க்கதரிசி என்ற அர்த்தத்தில் வைத்த பெயராம். 1998-இல் மனிதர்களிடமும் இந்தக் கோளாறு இருப்பது தெரிந்தது. ப்ராப்-1 கெட்டால் மேலே சொன்ன மூன்று ஹார்மோன்களோடு பருவ ஹார்மோன்கள் இரண்டும் போய்விடும். வளர்ச்சி நிற்கும், மீசையும் முளைக்காது. குரோஷியாவில் கிர்க் என்று ஒரு தீவு. அங்கே குள்ளமான மனிதர்கள் இருப்பதை ஹான்ஹார்ட் என்ற மருத்துவர் 1925-இலேயே எழுதியிருக்கிறார். 1999-இல் காரணம் தெரிந்தது: ப்ராப்-1.

இது ஏதோ எலிக்கும் ஐரோப்பியத் தீவுக்கும் வரும் நோய் என்று நினைக்க வேண்டாம். 2000-ஆம் ஆண்டு லக்னோவின் சஞ்சய் காந்தி முதுநிலை மருத்துவக் கழகத்து மருத்துவர்கள் பங்கேற்ற ஓர் ஆய்வு வெளியானது. சொந்தத்தில் கல்யாணம் செய்த குடும்பத்தைச் சேர்ந்த நோயாளிகள். ப்ராப்-1 மரபணுவில் 13 எழுத்துகள் காணாமல் போயிருந்தன. மரபணு மூன்று மூன்று எழுத்தாகப் படிக்கப்படுவது. 13 எழுத்து போனால் அதற்குப் பிறகு எல்லாமே தடம் மாறிவிடும். லெட்ஜரில் ஒரு கட்டம் தள்ளி எழுத ஆரம்பித்தால் கீழே உள்ள அத்தனை கணக்கும் தப்பாகுமே, அது மாதிரி.

அந்த ஆய்வு சொன்ன முக்கியமான சேதி வேறு. ப்ராப்-1 கெட்டவர்களுக்கு அட்ரீனலைத் தூண்டும் ஆறாவது ஹார்மோனும் குறையலாம். பல பேருக்கு அது ஆரம்பத்தில் சரியாக இருந்து, வயதாக ஆகத்தான் குறைகிறது. அது குறைந்தவருக்குப் பெரிய காய்ச்சலோ ஆபரேஷனோ வந்தால் உயிருக்கே ஆபத்து. உடனே ஸ்டீராய்டு கொடுத்தாக வேண்டும். ஆகவே "உயரம் இனி வராது, அப்புறம் எதற்கு டாக்டர்" என்று விட்டுவிடக் கூடாது. எந்தச் சாவி கெட்டது என்று தெரிந்தால் நாளைக்கு எந்தப் பெட்டி திறக்காது என்பதும் தெரியும். நம் ஆளிடம் இதைத்தான் முதலில் சொன்னேன். பரிசோதனைக்கு நாள் குறித்துக்கொண்டார்.

இன்னொரு கதை நம் வீட்டு வாசலுக்கே வருகிறது. சாவிக்காரன் சரியாக இருந்தும் தலைமை அலுவலகத்தின் உத்தரவை வாங்கிக்கொள்ளும் தபால் பெட்டி கெட்டுப்போனால்? ஹைபோதலாமஸ் அனுப்பும் உத்தரவை வாங்க பிட்யூட்டரி செல்லின் மேல் ஒரு ஏற்பி உண்டு. அந்த ஏற்பியைத் தயாரிக்கும் மரபணுவைத் திறப்பதும் பிட்-1தான். 1996-இல் நியூயார்க்கில் ஓர் இந்திய முஸ்லிம் குடும்பத்தில் இந்த ஏற்பி மரபணு கெட்டிருப்பதைக் கண்டார்கள். 72-ஆவது இடத்தில் ஓர் எழுத்து மாறி முற்றுப்புள்ளி விழுந்துவிட்டது. அடுத்து பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் 18 பேர், அதே இடம், அதே எழுத்து. 1998-இல் பிரான்ஸ் ஆராய்ச்சியாளர்கள் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பார்த்தால் அங்கும் அதே எழுத்து! அது இலங்கைத் தமிழ்க் குடும்பம். 2003-இல் மூன்று குடும்பங்களின் மரபணுவையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள். மூவருக்கும் அது ஒரே பழைய மூதாதையரிடமிருந்து வந்திருக்க வேண்டும் என்பது முடிவு.

மும்பை எங்கே, சிந்து எங்கே, இலங்கை எங்கே! பாஷை வேறு, ஊர் வேறு. யாரோ ஒரு பாட்டனோ பாட்டியோ எத்தனையோ தலைமுறைக்கு முன் சுமந்த ஓர் எழுத்துப் பிழை, யாருக்கும் தெரியாமல் கை மாறிக் கை மாறி வந்திருக்கிறது. ஒரு நகல் மட்டும் கெட்டவர் நல்ல உயரத்தோடு நடமாடுவார். அவருக்கே தெரியாது. அதே பிழையைச் சுமக்கும் இன்னொருவரோடு கல்யாணமானால்தான் பிள்ளைகளில் நாலில் ஒன்றுக்கு இரண்டு நகலும் கெட்டு வரும். சொந்தத்துக்குள் கல்யாணம் செய்தால் அந்தச் சந்திப்பு சுலபமாகிறது.

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் சொந்தத்தில் கல்யாணம் செய்தவர்கள் 28 சதவீதம். இந்தியா முழுக்க எடுத்தால் சுமார் 11 சதவீதம். முறைப்பெண் வழக்கம் இந்த மலையாள நாட்டிலும் உண்டு. ஆனால் அக்கா மகளைக் கட்டுவது நம் ஊரில் சகஜம் என்று சொன்னால் என் கிளையில் உள்ளவர்கள் கண்ணை விரித்துப் பார்ப்பார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். அப்பா நல்ல மனிதர், வியாபாரி. காபி வந்தது. "அண்ணாச்சி, எனக்கு வைத்தியம் தெரியாது, கணக்குதான் தெரியும். ஒரு கணக்கு சொல்றேன்" என்று பேப்பரில் எழுதினேன்.

உங்கள் மகனுக்கு வந்தது இரண்டு நகலும் கெட்ட வகை என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் உங்களிடம் ஒரு கெட்ட நகல், அண்ணியிடம் ஒன்று. உங்கள் மகள் நன்றாக வளர்ந்திருக்கிறாள். அவளிடம் ஒரு கெட்ட நகல் ஒளிந்திருக்க வாய்ப்பு மூன்றில் இரண்டு. அண்ணியின் தம்பியிடம் இருக்க வாய்ப்பு இரண்டில் ஒன்று. இருவரிடமும் இருந்தால் பிள்ளைக்கு நாலில் ஒன்று. மூன்றையும் பெருக்கினால் பன்னிரண்டில் ஒன்று. வெளியில் கொடுத்தால் மாப்பிள்ளையிடம் அதே பிழை இருப்பது அபூர்வம், அதனால் ஆபத்து மிக மிகக் குறைவு. பன்னிரண்டு கடனில் ஒன்று நிச்சயம் வாராக்கடன் என்று தெரிந்தால் எந்த வங்கியும் கையெழுத்துப் போடாது. பரிசோதனை முடிவு வரட்டும். அதுவரைக்குமாவது தட்டை மாற்றாதீர்கள்.

அவர் பேப்பரையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுப்படி வாசலில் நின்ற அம்மாதான் கேட்டார்: "அப்ப, கிரகணம் இல்லையா சார்?"

"இல்லைம்மா. உங்க தப்பும் இல்ல, அண்ணாச்சி தப்பும் இல்ல. ரெண்டு பேருகிட்டயும் ஆளுக்கு ஒரு எழுத்துப் பிழை. அது உங்களுக்கே தெரியாது."

அந்த அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். முப்பது வருஷம் அந்தப் பழியைச் சுமந்திருக்கிறார். அண்ணாச்சி வாசல்வரை வந்து, "யோசிக்கிறோம் சார்" என்றார். அதற்கு மேல் நான் என்ன செய்ய முடியும்?

வெளியூரில் பிள்ளை வளர்க்கும் நம் குடும்பங்களுக்கு ஒன்று. குட்டையாக இருக்கும் பிள்ளைக்கெல்லாம் ஹார்மோன் கோளாறு இல்லை. பெரும்பாலும் பெற்றோர் உயரம், சாப்பாடு, வேறு நோய்கள்தான் காரணம். ஆனால் நாலு வயதுக்கு மேல், வருஷத்துக்கு நாலு சென்டிமீட்டர்கூட வளராத பிள்ளையை "எங்க வம்சமே அப்படித்தான்" என்று விட்டுவிடாதீர்கள். ஊசி வேலை செய்வது எலும்பின் வளர்ச்சித் தட்டுகள் மூடும்வரைதான். பிறந்தநாள் அன்றைக்குக் கதவு நிலையில் பென்சிலால் ஒரு கோடு போட்டு வையுங்கள். அடுத்த வருஷக் கோடு அதே இடத்தில் விழுந்தால் கோயிலுக்குப் போங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கு முன்னால் குழந்தை மருத்துவரிடம் போய்விட்டு வாருங்கள்.